ஒரு துரும்புக்கு ஒரு கன்று

பத்திரம் எழுதிப் பிழைப்பவனுக்கு, எழுதும்போது வலிப்பதைவிட எழுதியதை அடிக்கும்போதுதான் கை அதிகம் வலிக்கும். என்னைப் போலப் பேனா பிடித்த சகோதரர்களே, உங்களுக்கு இது தெரியாததா? அதிலும் புருஷன் பெண்டாட்டி தீர்த்துக்கொள்கிற சீட்டு என்றால் மைக்கூடு இரண்டு வேண்டும். கெங்குவார்பட்டிச் சாவடியில் மாயாண்டிக்கும் வெள்ளையம்மாளுக்கும் நான் எழுதிய சீட்டின் கதையைக் கேளுங்கள்.

முன்னால் இருந்தது

கல்யாணத்துக்கு முன்னால் அவரவருக்கு இருந்தது அவரவருக்கே என்பது அங்கே வழக்கம். வெள்ளையம்மாள் கொண்டுவந்தது ஒரு பசு, ஒரு பித்தளை அண்டா. எழுதினேன். மாயாண்டி நெடுநேரம் யோசித்து, ஒரு கம்பளி, ஒரு அரிவாள் என்றான். அதையும் எழுதி முடித்து, மை காய மணல் தூவப்போனேன். வெள்ளையம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அவுக கோவத்தையும் எழுதுங்கய்யா. அதுவும் கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்ததுதான்."

பின்னால் பிறந்தது

பசு கல்யாணத்துக்குப் பிறகு ஈன்ற கன்று ஒன்று இருந்தது. அங்கேதான் பேனா நின்றது. தன் தொழுவத்தில் பிறந்த கன்று தன்னுடையதே என்றான் மாயாண்டி. மூன்று தரம் எழுதி மூன்று தரம் அடித்தேன். நாட்டாமை என்னிடம் சட்டம் கேட்டார். எனக்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான், ஆகவே இருமினேன்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டாள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

"கன்னு இல்லாட்டி மாடு சுரக்காதுய்யா. அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோட போனா மதினி எனக்கு எத்தனை நாளைக்குக் கஞ்சி ஊத்துவாக?"

துரும்பு

கன்று வழக்கைப் பிறகு பார்க்கலாம், முதலில் துரும்பைக் கொடுத்துவிடுகிறேன் என்றான் மாயாண்டி. ஊர் பார்க்கப் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பைக் கொடுத்துப் பெண்டாட்டி வாங்கிக்கொண்டால்தான் உறவு அறும். அவனுக்கு அவசரம், மறுநாளே வேறு பெண்ணுக்குப் பரிசம் போடவேண்டும். பரிசச் சேலை நினைவிருந்த மனுஷனுக்குத் துரும்பு நினைவில்லை. மரத்தடியில் பசு தின்றுகொண்டிருந்த வைக்கோலில் ஒன்றை உருவி நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. அந்த வைக்கோல் பசுவுக்கென்று அன்று அவள் அண்ணன் வீட்டிலிருந்து வந்தது. துரும்பு புருஷனுடையதாக இருக்கவேண்டும் என்றார் நாட்டாமை. மாயாண்டிக்கோ நிலம் கிடையாது, கூரையும் பனையோலை. குடும்பத்தைப் பிரிக்கிற துரும்பைக் கொடுக்க ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. அந்தப் பாவம் யாருக்கு வேண்டும்? அவன் வேர்த்துப்போய் நின்றான். வெள்ளையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வைக்கோல்தான், வேணும்னா ஒண்ணு வெலைக்குத் தாரேன். கன்னை அவுத்து விடுங்க."

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று படித்திருக்கிறேன். வல்லவளுக்கு வைக்கோலே போதும் என்பதை அன்று நான்காவது தரமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.