அடுத்தவன் டப்பாவின் பளபளப்பு

அக்காவின் வேலை புதிய கிரீம் கண்டுபிடிப்பது. கண்டுபிடிப்பது என்றால், கடையில் போய்க் கண்டுபிடிப்பது. எது நன்றாக விற்கிறதோ அதை வாங்கி வந்து, டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்துப் பட்டியலை லென்ஸ் வைத்துப் படிப்பாள். முதலில் வருவது அதிகம், கடைசியில் வருவது கொஞ்சம் என்று கணக்குப் போட்டு, அதையே வேறு டப்பாவில் அடைத்தால் புதிய கிரீம் தயார். பட்டியலில் முதலில் எப்போதும் தண்ணீர்தான் இருக்கும். விளம்பரத்தில் வரும் பெண் அதை மட்டும் சொல்லவே மாட்டாள்.

இந்த முறை முதலாளி மேசைமேல் வைத்த டப்பாவை அக்கா லென்ஸ் இல்லாமலே அடையாளம் கண்டுகொண்டாள். அது தம்பி செய்த கிரீம்.

சொந்தத் தம்பி. போட்டிக் கம்பெனியில் இதே வேலை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. இரண்டு முதலாளிகளுக்கும் இது தெரியாது. வம்பே வேண்டாம் என்று, வீட்டில் ஆபீஸ் பேச்சு கூடாதென அம்மா சட்டம் போட்டிருந்தாள்.

"இதே மாதிரி வேணும்மா. ஆனா புதுசா இருக்கணும்," என்றார் முதலாளி.

"இதே மாதிரின்னா எப்படி சார் புதுசா..."

"பச்சை மூடி போட்டுடலாம். விலையைக் குறைச்சுடலாம். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் பளபளப்பு வந்தாகணும். வரலைன்னா லேபைப் பூட்டிட்டு உங்களை டப்பாவுக்கு லேபிள் ஒட்டுற பக்கம் உக்கார வச்சுடுவேன்."

தம்பிக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்தப் பளபளப்புதான். டப்பாவைத் திறந்தால் சிப்பியின் உட்புறம் மாதிரி மினுங்கும். அதற்காகவே அவனைத் தலைமை ஆய்வாளர் ஆக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து அவன் தலை சீவுவதுகூடத் தலைமையாக இருந்தது.

அக்கா அதே சரக்கை அதே அளவில் உருக்கிக் கலக்கினாள். வழவழவென்று வந்தது, பளபளப்பு மட்டும் வரவில்லை. மினுக்குப் பொடி போட்டிருப்பானோ என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பொடியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவள் போட்ட அதே மெழுகுச் சரக்குதான். அவன் டப்பாவில் மட்டும் அது மெல்லிய தகடு தகடாக உறைந்து கிடந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் சுண்ணாம்பு மாதிரி முழித்தது.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மாவின் சத்தம்.

"பாலை ஆறுற வரைக்கும் கிண்டுடான்னா, கரண்டியைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டியா? பாரு, எவ்வளவு ஏடு! என்னைக்காவது ஒரு வேலையை முடியுற வரைக்கும் பக்கத்துல நின்னிருக்கியா நீ?"

"ஏடுதாம்மா ருசி," என்றான் தம்பி, டீக் கோப்பையோடு.

அக்கா செருப்பைக் கழற்றாமல் நின்றாள். புரிந்துவிட்டது. கிரீம் ஆறுகிற நேரத்தில் இந்தச் சோம்பேறி கலக்கி மெஷினை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போயிருக்கிறான். அது தனியாகக் கிடந்து, தன் இஷ்டத்துக்கு மெதுவாக உறைந்து மினுங்கியிருக்கிறது. தலைமை ஆய்வாளராம்!

மறுநாள் காலையில் கலக்கியை நிறுத்தப் போன கை நின்றது. இதே பளபளப்பு குறைந்த விலையில் கடைக்கு வந்தால், தம்பிக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் இருக்காது. அவனையும் லேபிள் ஒட்ட உட்கார வைப்பார்கள். அவன் ஒட்டினால் அதுவும் கோணலாகத்தான் இருக்கும்.

அலமாரியிலிருந்து ரோஜா வாசனை எண்ணெயை எடுத்தாள். சின்ன வயதில் அவளுடைய ரோஜா சோப்பைச் சுரண்டித் தின்று வாந்தி எடுத்தவன் அவன். நாளைக்கு அவன் முதலாளி இதே மாதிரி கேட்டாலும், எந்தக் கருவியும் இல்லாமல் இந்த வாசனையைப் பிடித்துவிடுவான். தேவைக்கு மேலேயே ஊற்றினாள். பிறகு கலக்கியை நிறுத்திவிட்டு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத காரியமாக, பாத்திரத்தைத் தனியே விட்டு டீ குடிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை டப்பா மினுங்கியது. முதலாளி மோந்து பார்த்தார்.

"ரோஜா எதுக்கும்மா?"

"அதுதான் சார் புதுசு."

பச்சை மூடி நன்றாக விற்றது. கொஞ்ச நாளில் தம்பி ஒரு பச்சை மூடி டப்பாவோடு சாப்பிட உட்கார்ந்தான். மூக்கை உள்ளே விட்டு எடுத்தான். அக்காவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"எங்க முதலாளி இதே மாதிரி வேணுங்கிறார். ஆனா புதுசா. நல்லவேளை, எவனோ புண்ணியவான் சுலபமா ரோஜாவைப் போட்டு வச்சிருக்கான். நான் மல்லியைப் போட்டுட்டா முடிஞ்சுது."

"ஆபீஸ் பேச்சை நிறுத்து," என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் ஊருக்கெல்லாம் கிரீம் கிண்டுறீங்க, என் குதிகால் வெடிப்புக்கு ஒரு நாதி இல்ல. டேய், இனிமேலாவது வேலை முடியுற வரைக்கும் பக்கத்துல நில்லு."

"சும்மா இரும்மா," என்றாள் அக்கா, அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துக்கொண்டே. "அவனை டீ குடிக்கப் போக விடு."