முழங்கால் போட்ட வாக்கு

எங்கள் வீட்டில் ஒரு பாராளுமன்றம் இருந்தது. கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில், ஃபிரிட்ஜுக்கும் அயர்ன் பண்ணும் பலகைக்கும் இடையில், மாதத்துக்கு ஒருமுறை அது கூடும். அம்மா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சபை ஆரம்பம். கழற்றினால் ஒத்திவைப்பு.

பாராளுமன்றம் எங்களுடையது அல்ல. அட்லாண்டிக் கடலின் ஏதோ ஒரு மூலையில் இருந்த சின்னஞ்சிறு தீவு ஒன்றினுடையது. பன்னிரண்டு உறுப்பினர்கள், ஒரு சபாநாயகர், அவ்வளவுதான். அவர்கள் பேசுவதெல்லாம் சீடியில் பதிவாகி லண்டனில் ஒரு கம்பனிக்கு வரும். அங்கிருந்து தபாலில் எங்கள் கதவிடுக்கு வழியாக உள்ளே விழும். அம்மா அதைக் கேட்டுக் கேட்டு ஒரு சொல் விடாமல் டைப் பண்ண வேண்டும். மேசைக்குக் கீழே தையல் மெசின் மாதிரி ஒரு கால்மிதி. மிதித்தால் பேசுவார்கள், காலை எடுத்தால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு பாராளுமன்றத்தையே காலால் அடக்கிய பெண்ணை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் ஆங்கில டைப்பிஸ்டாக இருந்தவர். லண்டனுக்கு வந்த பிறகு அந்த விரல்கள் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சாண்ட்விச்சுக்குள் வெள்ளரிக்காய் அடுக்கின. ஷிப்ட் காலை ஐந்து மணிக்கு. அப்பா பெட்ரோல் ஷெட்டில் இரவு வேலை முடித்து ஏழு மணிக்குத்தான் வருவார். இடையில் இருந்த இரண்டு மணித்தியாலத்துக்கு என்னைப் போர்வையோடு தூக்கிப் பக்கத்து வீட்டு அன்ரியின் சோபாவில் போட்டுவிடுவார்கள். அந்த அன்ரி சோபாவுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கடைசிவரை கழற்றவில்லை. என் ஒரு பக்கக் கன்னம் அதில் ஒட்டிக்கொண்டபடிதான் என் ஒன்பதாவது வயது விடிந்துகொண்டிருந்தது.

டைப் வேலைக்கு மூன்று கூட்டம் பரீட்சை. மூன்றும் சரிவந்தால் வேலை நிரந்தரம். அம்மா வீட்டிலேயே இருப்பார், பிளாஸ்டிக் சோபாவுக்கு நான் ஒரு கும்பிடு போடலாம். அதனால் அந்தத் தீவின் விவகாரங்களில் அவர்களுடைய சொந்தச் சனத்தைவிட எனக்கு அக்கறை அதிகம்.

விவகாரங்கள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கப்பல் ஏன் செவ்வாய்க்கிழமை வரவில்லை. விமானத் திடலில் ஆடுகள் மேய்வதை யார் தடுப்பது. நாய்களுக்கு லைசன்ஸ் வேண்டுமா. போன கூட்டத்துக் குறிப்பை வாசித்து ஏற்றுக்கொள்ளவே அரை மணித்தியாலம் எடுத்தார்கள். தொலைக்காட்சியில் நான் பார்த்த பாராளுமன்றங்களில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் புத்தகம் எறிந்தார்கள். இங்கே ஒருவர் இருமினால் மற்றவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"அம்மா, இண்டைக்கு என்ன நடந்தது?" என்று பள்ளிக்கூடத்தால் வந்ததும் கேட்பேன்.

"ஒண்டும் நடக்கேல்லைப் பிள்ளை" என்பார், ஏதோ தேர்த் திருவிழா பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி முகம் மலர்ந்து.

உறுப்பினர்களின் குரல்களுக்கு நாங்கள் பேர் வைத்திருந்தோம். ஆடுகளைப் பற்றியே பேசுபவர் ஆட்டு மாமா. காது மந்தமான கிழவர் ஒருவர், எழும்பும்போதும் உட்காரும்போதும் முழங்காலைக் குறைசொல்லிவிட்டு இருமுபவர், இருமல் தாத்தா. பேசி முடித்ததும் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வாக்குக் கேட்பார்கள். சம்மதம் என்றால் 'ஐ' என்பார்கள், இல்லையென்றால் 'நோ' என்பார்கள். வீட்டில் ஐஸ்கிரீம் வந்தால் நான் போடுகிற அதே 'ஐ'. நோ என்றால் எங்கள் வீட்டில் வலி: வயிற்று நோ, தலை நோ, பல்லு நோ. பள்ளிக்கூடத்து நோ வேறு, வீட்டு நோ வேறு என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அந்தத் தீவில் எல்லாவற்றையும் மகிழ்ச்சியா நோவா என்று கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள் என்று சொல்லி அம்மாவைச் சிரிக்க வைப்பேன்.

இரண்டாவது கூட்டத்தோடு அம்மா கேள்வித்தாளும் அனுப்பினார். விளங்காத இடங்களைக் குறித்து அனுப்பும் தாள் அது. பதினொரு கேள்விகள். கம்பனியில் பொறுப்பாக இருந்தவர் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு தமிழ்ப் பெண். அம்மா அவரை மிஸ் என்பார். மிஸ் உடனே போன் எடுத்தார்.

"டைப் பண்றது ரொம்ப நல்லாருக்கும்மா. ஆனா இத்தனை கேள்வி கேட்டா எப்படிலா? அடுத்தது கேள்வியே இல்லாம வரணும், சரியா?"

மூன்றாவது கூட்டத்தில் இறங்குதுறைக்குக் கூரை போடுவதா இல்லையா என்ற பிரேரணை வந்தது. கப்பலுக்குக் காத்து நிற்பவர்கள் மழையில் நனைகிறார்கள். இரண்டு மணித்தியாலம் பேசினார்கள். அம்மாவும் நெடுந்தீவுக்காரி. கப்பலுக்குக் காத்து நனைந்து பழகியவர் என்பதால் பேசியவர்களைவிடச் சூடாக டைப் பண்ணினார். இருமல் தாத்தா கூரை வேண்டும் என்று பேசினார். ஆஸ்பத்திரிக்குப் போகத் தன் மனைவி அந்தத் துறையில் மழைக்குள் நின்றதைச் சொன்னார்.

பிறகு வாக்கெடுப்பு. இருமல் தாத்தாவின் பேர் வந்ததும் அவர் உட்கார்ந்திருந்த மர வாங்கு கிறீச்சிட்டது. "ஓ… நோ…" என்று ஒரு குரல். பிறகு இருமல். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். முடிவில் சபாநாயகர் ஆறுக்கு ஆறு என்று அறிவித்தார். சமமாக வந்தால் அவர் எதிர்த்து வாக்களிப்பது அந்த ஊர் வழக்கம். கூரை தோற்றது. சபை ஆடுகளுக்குப் போனது.

அம்மா மிதியிலிருந்து காலை எடுத்தார். பின்னுக்குச் சுற்றினார். கேட்டார். திரும்பச் சுற்றினார். இருபது தடவையாவது இருக்கும். கடைசியில் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி என் காதில் வைத்தார்.

"என்ன சொல்லுறார்?"

"நோ எண்டு சொல்லுறார்."

"எந்த நோ?"

இது என்ன கேள்வி என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா விளக்கினார்: "அவருக்கு முழங்கால் நோகுது, பிள்ளை. எழும்பேக்கை நொந்திட்டுது. அதுக்குப் பிறகு கேள், இருமலுக்குள்ளை."

கேட்டேன். இருமலுக்கு அடியில், ஒரு பூனைக்குட்டி அளவில், 'ஐ' என்று ஒரு சத்தம் இருந்தது. சபையில் இருந்தவர்களுக்கு அது கேட்டிருக்காது. அவர் வாய்க்குப் பக்கத்தில் மைக் இருந்ததால் எங்களுக்குக் கேட்டது. தாத்தாவுக்கோ காது மந்தம், ஆறுக்கு ஆறு என்று அறிவித்ததை அவர் கவனித்தாரோ தெரியாது.

எனக்குக் கேள்வியே இல்லாத தாள்தான் வேண்டும். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றேன்.

மத்தியானம் அப்பா நித்திரையால் எழும்பிச் சாப்பிட வந்தபோது அம்மா கதையைச் சொன்னார். அப்பாவின் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. அதனால் மேல்தட்டுச் சாமான்கள் எல்லாம் அம்மாவின் பொறுப்பு. அவருக்குப் பீங்கானை எடுத்து வைத்தபடி அம்மா பேச, அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், உமக்கேன் இந்தச் சோலி? அவையே எண்ணிச் சொல்லிப்போட்டினம். நீர் டைப் பண்ணி அனுப்பிவிடுமன்."

"நோவை நோ எண்டு எழுதிவிட்டா என்ன நடக்கும் எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார் அம்மா.

அப்பா குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கறிக்கு உப்புக் காணாது போல என்று நான் நினைத்தேன்.

அம்மா கேள்வித்தாளில் ஒரே ஒரு கேள்வி எழுதினார். மதிப்புக்குரிய உறுப்பினர் தமது முழங்காலின் காரணமாக 'நோ' என்றும், தமது கருத்தின் காரணமாக 'ஐ' என்றும் சொன்னதாக நம்புகிறேன், தயவுசெய்து சரிபார்க்கவும். எங்கள் வீட்டில் கடைசியாக எழுத்துப் பிழை பார்த்து ஈமெயிலை அனுப்புவது என் வேலை. அம்மா சோறு வடிக்கப் போனார். நான் அந்த வசனத்தை வாசித்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. முழுவதையும் அழித்துவிட்டு அனுப்பினேன். என் கன்னத்தில் பிளாஸ்டிக்கின் ஈரம் அப்போதே காய்ந்துவிட்டது போல இருந்தது.

நாலு நாள் அம்மா போனைப் பார்த்துப் பார்த்து இருந்தார். ஐந்தாம் நாள் தானே எடுத்தார். மிஸ்ஸின் குரல் பெரிய குரல், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"கேள்வியா? ஒண்ணுமே வரலியேம்மா. ரொம்ப சுத்தமா இருந்துச்சு. உங்களை எடுத்துக்கலாம்னு சொல்லிட்டேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கார்ப்பெற்றைப் பார்த்தேன். வேலை கிடைத்துவிட்டது. தாங்ஸ் மிஸ் என்று சொல்லிப் போனை வைத்தால் போதும். பிள்ளையாரப்பா, வைக்கச் சொல்லு என்று மன்றாடினேன்.

"இல்லை மிஸ், ஒரு கேள்வி இருக்கு. அந்த வயசான மெம்பர் சொன்னது நோ இல்லை, நோ."

"என்னம்மா? நோ இல்லைன்னா?"

"நோ இல்லை, மிஸ். அது நோ."

"நோ இல்ல, ஆனா நோவா?"

அம்மா கண்ணை மூடித் திறந்தார். "வலி, மிஸ். வலி. நாங்கள் வலியைத்தான் நோ எண்டுறது. அவர் வலியிலை கத்தினவர். வாக்கு அதுக்குப் பிறகு வருகுது."

"சபாநாயகரே அறிவிச்சதும்மா. அவர் தப்பா சொல்லிட்டாருன்னு நீங்க சொல்றீங்களா?"

"ஓம், மிஸ்."

"ஓமா?"

"ஆமா. ஆமா மிஸ்" என்றார் அம்மா, இந்தமுறை எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்காமல்.

அனுப்பிப் பார்க்கிறேன், வேலை விஷயத்தை அப்புறம் பேசலாம் என்று மிஸ் போனை வைத்தார். அடி விழப் போகிறது என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"நான் எழுதினதை இனிமேல் அழிக்காதை, பிள்ளை. அழிச்சா, அவர் சொல்லவே இல்லை எண்டு போயிடும்."

அடுத்த திங்கட்கிழமையும் அம்மா வெள்ளரிக்காய்க்கே போனார், நான் சோபாவுக்கே போனேன். ஒரு மாதம். முகம் தெரியாத ஒரு கிழவரின் முழங்காலை நான் அந்த மாதம் திட்டியதுபோல யாரையும் திட்டியதில்லை.

பிறகு ஒருநாள் கடிதம் எதுவும் இல்லாமல் ஒரு சீடி மட்டும் வந்து விழுந்தது. அம்மா மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் இருந்து மிதித்தார். பிரார்த்தனை, போன கூட்டத்துக் குறிப்பு. அந்தக் குறிப்பில் ஒரு திருத்தம் இருப்பதாகச் சபாநாயகர் சொன்னார். வாங்கு கிறீச்சிட்டது. "ஓ… நோ…" பிறகு இருமல். பிறகு இருமல் தாத்தா நிதானமாகப் பேசினார். லண்டனில் ஒரு பெண்மணி தன் முழங்காலையும் தன் வாக்கையும் வேறுவேறாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார், இந்த அறையில் இருந்த ஒருவருக்கும் கேட்காததை அவர் கேட்டிருக்கிறார், அவருக்குத் தன் நன்றியும் தன் மனைவியின் நன்றியும் பதியப்பட வேண்டும் என்றார். எல்லோரும் மேசையில் தட்டினார்கள். ஆட்டு மாமாவும் தட்டியிருப்பார். அப்படியே பதியப்படும் என்றார் சபாநாயகர். பிறகு திரும்ப வாக்கெடுத்து, ஏழுக்கு ஐந்தில் கூரை வென்றது. பிறகு ஆடுகள்.

பதிய வேண்டியவர் அம்மாதான். தனக்குச் சொன்ன நன்றியைத் தானே டைப் பண்ண வேண்டிய நிலை. மின்னலாக ஓடும் விரல்கள் அன்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடின. ஸ்பெல்லிங் மறந்துவிட்டதாக்கும் என்று நான் உதவிக்குப் போனேன்.

"இதையும் போட வேணுமோ?" என்று கேட்டார்.

"சொன்னதெல்லாம் போட வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றேன்.

அப்பா எழும்பி வந்ததும் அம்மா அவர் காதில் ஹெட்போனை மாட்டி அந்த இடத்தைப் போட்டுக் காட்டினார். நன்றி சொன்ன பகுதியை அப்பா ஒருதரம்தான் கேட்டார். கிழவரின் 'ஓ… நோ…'வைத்தான் மூன்றுதரம் கேட்டார். சிரித்தார். பிறகு குசினிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். அம்மா வெங்காயம் வெட்டிவிட்டுப் போயிருந்தார், அதுதான் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மிஸ் போன் எடுத்து வேலை உங்களுக்குத்தான் என்றார். நான் பல்கலைக்கழகம் போகும்வரை எங்கள் வீட்டில் அந்தக் கால்மிதி ஓடியது. பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்தால் அம்மா இருப்பார். வேறென்ன வேண்டும். அந்தத் தீவுக்கு நான் இன்னும் போனதில்லை. ஆனால் அந்த இறங்குதுறையில் கூரைக்குக் கீழ் நிற்பவர்களில் நானும் ஒருத்தி என்றே நினைத்திருக்கிறேன். இருமல் தாத்தாவின் முழங்காலைத் திட்டியதற்கு மனதார மன்னிப்புக் கேட்டுமிருக்கிறேன்.

போன வருடம் அம்மாவும் அப்பாவும் சின்ன பிளாட்டுக்கு மாறினார்கள். பெட்டி கட்டும்போது அப்பாவின் பழைய ஃபைல் ஒன்று கையில் வந்தது. அவர் இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஓர் அலுவலகத்தில் அகதி விண்ணப்பத்துக்காக அவரை விசாரித்து எழுதிய தாள்கள். அந்த நாட்களில் அப்பா ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசத் துணியாதவர். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் என்று மேலே குறித்திருந்தது. எந்த ஊர்த் தமிழரோ, எங்கள் ஊர்ச் சொல் அவருக்குப் பழக்கமில்லாமல் இருந்திருக்கும். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: உடம்பில் காயமோ வலியோ உண்டா? எதிரே பதில், ஆங்கிலத்தில், இரண்டே எழுத்தில்: நோ.

அதற்குக் கீழே அப்பாவின் கையெழுத்து சரிந்து கிடந்தது. அதற்குப் பின்னால் நிராகரித்த கடிதங்கள். கடைசியாக, நாலு வருடம் கழித்து, அவருடைய தோளைப் பற்றி ஒரு டாக்டர் எழுதிய கடிதம்.

குசினியில் அம்மா மேல்தட்டிலிருந்து பீங்கான்களை ஒவ்வொன்றாக இறக்கி அப்பாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் இடது கையால் வாங்கி அடுக்கினார். அழித்தால் அவர் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும் என்று அம்மா அன்று சொன்னது தீவுக் கிழவரைப் பற்றி என்றே நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.