ஸ்கேனில் தெரியாத வலி

மருந்துக் கடை கவுன்டரில் நிற்கிறவனுக்குக் கணீர்க் குரல் வேண்டும். எனக்கோ பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரல். ஆனாலும் சின்ன காஞ்சிபுரத்துப் பெண்கள் என்னைத் தேடித்தான் வருவார்கள். நாப்கினோ வலி மாத்திரையோ, ஊருக்கு அறிவிக்காமல் பேப்பரில் சுற்றித் தருவேன். கவுன்டரில் நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

தறி மேல் பழி

புனிதா அக்காவும் மூர்த்தி அண்ணனும் பட்டு நெய்கிறவர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாகக் கோக்கிற கோர்வைச் சேலைக்கு ரெண்டு ஆள் வேண்டும். அண்ணன் நெய்ய, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவார். மாதத்தில் நாலைந்து நாள் இடுப்பும் வயிறும் வலித்து அவரால் நிமிரவே முடியாது. காலை விட்டு உட்காரும் தறிக் குழியின் ஈரம்தான் இடுப்பில் ஏறுகிறது என்று அண்ணன் முடிவு கட்டினார். பலகையை மாற்றினார், மெத்தை போட்டார், குழிக்கு சிமென்ட் பூசினார். வலி அசையவில்லை. மாத்திரைக்கு வந்த அக்கா சொன்னார்: "தறிக்கு எல்லா வைத்தியமும் ஆயிடுச்சு தம்பி. இனிமே எனக்குப் பாரு."

கோயில் இட்லி

ஒருநாள் அண்ணன் மந்தாரை இலையில் கோயில் இட்லியோடு வந்தார். அக்காவுக்கு எடுத்த ஸ்கேன் நார்மலாம், வரதர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாராம். "ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டாங்கபா. அவதான் பயந்துக்கினு இருந்தா." எனக்கும் சந்தோஷம், ரெண்டு துண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் அக்கா வந்தார். வயிற்றைப் பிடித்தபடி படுத்தால், "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்ல, எழுந்து வா" என்கிறார்களாம் வீட்டில். மாத்திரையை வாங்காமலே நின்றார். "ஒண்ணும் இல்லையாம் தம்பி. அப்போ வலிக்கிறது யாருக்கு?"

கஞ்சி போட்ட பாவு

அதைக் கேட்டுவிட்ட எங்கள் ஃபார்மசிஸ்ட் ரேவதி மேடம், வலிக்கும் நாட்களைக் காலண்டரில் குறித்து லேடி டாக்டரிடம் காட்டச் சொன்னார். அங்கே வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ். சீட்டோடு அக்காவும் அண்ணனும் வந்து நிற்க, மேடம் விளக்கினார்: கருப்பையின் உள்சவ்வு மாதிரியே ஒன்று கருப்பைக்கு வெளியிலும் வளருது. மாசாமாசம் அதுவும் வீங்கிக் கசியும், சுத்தியிருக்கிற இடமெல்லாம் அழற்சி ஆகும். சின்னதா இருந்தா ஸ்கேனுக்குத் தெரியாது. அங்கே புது நரம்பும் முளைக்கும். வருஷக்கணக்கா வலி பார்த்த நரம்பு, லேசா தொட்டாலே கத்தும். தீட்டு இல்லாத நாளிலும் வலிக்கும். தழும்பு விழுந்து கருப்பையும் குடலும் ஒட்டிக்கவும் செய்யும்.

அண்ணன் முகம் மாறியது. "தறியில நீளவாக்குல ஓடுற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் பிரிக்காம வுட்டா இழை எல்லாம் ஒட்டிக்கும். ஒண்ண இழுத்தா பத்து வரும். அது மாதிரியா மேடம்?" மேடம் தலையசைத்தார்.

அக்கா அண்ணனையே பார்த்தார். "பதினோரு வருஷமா நான் சொன்னேன், கேக்கல. கஞ்சி சொன்னா புரியுதா உனக்கு?"

பேப்பர்

போன வாரம் சாயங்காலக் கூட்டத்தில் அண்ணன் மட்டும் வந்தார். ஹார்மோன் மாத்திரையால் வலி குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. அன்று அக்காவுக்கு முடியவில்லை. "தறி?" என்றேன். "நிக்கட்டும்பா. அவ வலிக்குதுன்னா வலிக்குது." பழக்கத்தில் அட்டையைப் பேப்பரில் சுற்றினேன். கடையே திரும்பிப் பார்க்க அண்ணன் சொன்னார்: "எதுக்குப்பா மூடுற? என் பொண்டாட்டி வயித்து வலிக்கு மாத்திரை, திருட்டு சாமானா?"

இப்போது அவர்கள் தெருவே வாய்விட்டுக் கேட்கத் தொடங்கிவிட்டதால், என் மெல்லிய குரலுக்கு இந்தக் கடையில் இருந்த ஒரே வேலையும் போய்விட்டது.