என் உதட்டைத் தின்ற கறுவா

முதலில் மேலுதட்டின் ஓரம் அரித்தது. மூன்றாம் நாள் வெடித்து நீர் வடிந்தது. பிறகு மஞ்சளாய்ப் பொருக்குத் தட்டியது. சீ! கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே குமட்டியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரைவிட்டு வந்து, பனி கொட்டும் நகரமொன்றின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். நான் ஒரு தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்குச் சிப் தைத்தேன். பக்கத்து மெஷின்காரி என் மூச்சுப் பட்டால் மூக்கைப் பொத்துவாள். கறி மணக்கிறதாம். அந்த வெட்கத்தில் கறுவாச் சுவையுள்ள சுயிங்கம் வாங்கி நாள் முழுக்க மென்றேன். பற்பசையும் அதே மணத்தில் வாங்கினேன்.

உதடு புண்ணானதும் பழி மிளகாய்த்தூளில் விழுந்தது.

"உறைப்பைக் குறையும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?" என்றார் கணவர்.

குறைத்தேன். பிறகு கறியையே விட்டேன். தயிரும் சோறும் தின்று நாக்குச் செத்தது. புண் நாறுமோ என்ற பயத்தில் பல்லை மட்டும் நாளுக்கு ஐந்து தரம் தீட்டினேன். என்ன மடைத்தனம்!

நான்கு வயது மகள் சாமினி என்னைக் கொஞ்ச (முத்தமிட) விடவில்லை. "வேண்டாம் அம்மா, அரியண்டம்!" என்று கன்னத்தைப் போர்வையால் மூடிக்கொண்டாள். மெஷின்காரி மூக்கைப் பொத்தியதைப் பொறுத்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை. புண் கிடந்தாலும் கிடக்கட்டும், பிள்ளை திரும்பக் கொஞ்ச வந்தால் போதும் என்றாகிவிட்டது.

தோல் மருத்துவர் ஒரு தமிழ்நாட்டு அம்மா. ஒட்டுச் சோதனை (சந்தேகப் பொருட்களை முதுகில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்ப்பது) செய்தார். குளிக்கக் கூடாது. வியர்வையும் பிளாஸ்டருமாய் நாறிக்கொண்டு கிடந்தேன். கழற்றியபோது ஒரு கட்டம் மட்டும் சிவந்து கொப்பளித்திருந்தது.

"இது பட்டைக்கு வாசனை குடுக்கிற பொருள்மா. நீங்க கறுவான்னு சொல்வீங்களே, அதுதான். மிளகாய் ஒண்ணும் பண்ணல. உங்க பேஸ்ட்லயும் கம்லயும் இருக்கு."

"அப்ப நானே வாங்கித் திண்ட நஞ்சோ, டொக்டர்?"

"ஆமாம்மா. இது தொடு ஒவ்வாமை (தோலில் படுவதால் கிளம்பும் ஒவ்வாமை). ஆயுசுக்கும் தள்ளியே இருக்கணும்."

உங்களுக்கும் இப்படியென்றால் பொதிகளின் பின்புறத்தை வாசியுங்கள். வெறுமனே 'நறுமணம்', 'சுவையூட்டி' என்றிருந்தால் நம்பாதீர்கள்.

மூன்று கிழமையில் தோல் ஆறியது. மகளுக்கு ஆறவில்லை. நான் குனிந்தாலே அவள் கன்னம் தானாகத் திரும்பும். பனி கொட்டி, கரைந்தும் போயிற்று.

ஏப்ரலில் ஒருநாள் அவளைக் கூட்டிவரக் கார்டெரிக்கு (பிள்ளைகள் காப்பகம்) போனேன். ஓடிவந்து கழுத்தைக் கட்டி உதட்டை நீட்டினாள். வாயில் கறுவா போட்ட ஆப்பிள் கேக்கின் மணம். நான் யோசிக்கும் முன்பே என் கை அவள் முகத்தைத் தள்ளிவிட்டது. இந்த உடம்பு இன்றும் அப்படித்தான், என்னைக் கேட்காமல் ஒரு கணம் முந்திக்கொள்கிறது.

அவள் அழவில்லை. உள்ளே போய், வாயிலும் நாடியிலும் தண்ணீர் வடிய வந்து நின்றாள்.

"வாய் கழுவிட்டன் அம்மா. இப்ப கொஞ்சலாமோ?"

கொஞ்சினேன். ஆனால் முதலில் முகர்ந்து பார்த்தேன். அதற்கும் அவள் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றாள்.