மறுநாளுக்குப் பாதி

சுருள் பன்னின் நடுவே கத்தியை வைத்து, தலையைச் சாய்த்து இரண்டு பக்கமும் அளவு பார்க்கிறார் ஆர்லீன். பாதி தட்டில் இருக்கும். மறுபாதி மெழுகுத்தாளில் சுற்றப்பட்டுக் கோட்டுப் பைக்குள் போகும். ஏரிக்கரைக் கடையில் பதினொரு வருடமாக இதுதான் நடக்கிறது. "அந்தப் பாதியை யாருக்கு உயில் எழுதப் போறீங்க?" என்பாள் பரிமாறும் டார்லா. "நாளைக்கு வர்ற ஆர்லீனுக்கு" என்பார் இவர்.

எழுபத்து நான்கு வயது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நானும் அதில் போனவள்தான். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் நடுவே எங்கள் ஊரில் ஒரு சிவப்புப் பீப்பாயை நிறுத்துவார்கள். பனி உடைந்து அது என்றைக்கு மூழ்கும் என்று ஊரே பந்தயம் கட்டிச் சீட்டில் தேதி எழுதிப் பெட்டியில் போடும். ஏரி வளைவில் ஆர்லீன் வண்டியை மெதுவாக்கி, "நிக்குதா பாருங்கடா" என்பார். மூச்சுப் புகை படிந்த கண்ணாடியைக் கையுறையால் துடைத்துவிட்டுப் பார்ப்போம். அந்தக் கண்ணாடியின் குளிர் இன்னும் என் மூக்கு நுனியில் இருக்கிறது.

பீப்பாய் ஏப்ரலைத் தாண்டியதே இல்லை. ஆர்லீன் மட்டும் எப்போதும் மே மாதத் தேதியை எழுதித் தோற்பார். கேட்டால், "சீக்கிரத் தேதி போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும், பொண்ணே" என்பார்.

கணவர் வெர்ன் இறந்த குளிர்காலத்தைப் பற்றி ஒரே ஒரு முறை என்னிடம் பேசினார். படுக்கையை விட்டு எழ ஒரு காரணமும் இல்லை என்று நான்கு நாள் அப்படியே கிடந்தாராம். "அஞ்சாம் நாள் ஃபிரிட்ஜ்ல பாதி பன் இருக்குறது ஞாபகம் வந்துச்சு. அதுக்காக எந்திரிச்சேன். காபி இல்லாம பன்னா? காபி போட்டேன். பால் தீர்ந்திருந்துச்சு, கடைக்குப் போனேன். அங்க ஒருத்தி பேச்சுக் குடுத்தா. அப்படியே சாயங்காலம் ஆயிருச்சு."

போன செவ்வாய் மாலையும் வந்தார். மறுநாள் காலை அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை. கடையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டார்லா வழக்கம்போல் மெழுகுத்தாளோடு நின்றாள். ஆர்லீன் கத்தியைத் தொடவே இல்லை. பன்னைக் கையால் பிய்த்து, கடைசிச் சுருள்வரை முழுதாகத் தின்று, விரலில் ஒட்டிய சர்க்கரையையும் நக்கினார். டார்லாவின் கையில் தாள் அப்படியே நின்றது.

"நாளைக்கு வெறும் வயித்தோட வரச் சொல்லிட்டாங்க" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு கல்லாவோரம் இருந்த பீப்பாய்ப் பந்தயப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு சீட்டை எடுத்தார். 'மே நான்கு' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டு, மணியையும் சேர்த்தார்: பிற்பகல் மூன்று இருபது.