சந்தனம் வைத்த ரோபோ பெட்டிகள்

இதை எழுதப் பல வருடங்கள் கை வரவில்லை.

எங்கள் மகன் ஈப்போ கடைகளில் ரோபோ பொம்மைகளைத் தேடி வாங்குவான். தாய்லாந்து எழுத்துப் பெட்டி, சிவப்பு ரோபோவைப் பிழையாக நீலத்தில் அச்சடித்த பெட்டி என்றால் அவனுக்கு உயிர். ஆயுத பூசையன்று அவன் மோட்டார் சைக்கிளுக்குச் சந்தனம் வைப்போம். "பெட்டியில மட்டும் வச்சிடாதீங்கம்மா, கறை பட்டா யாரும் வாங்க மாட்டாங்க" என்பான் என் மனைவியிடம்.

அவன் விபத்தில் போன பிறகு, பக்கத்து ஊர் காம்பாரில் இருக்கும் அவன் கூட்டாளி பெட்டிகளை விலைக்குக் கேட்டான். நானும் சரியென்றேன். அவன் வந்து பார்த்தால், எல்லாப் பெட்டியிலும் சந்தனம், குங்குமம்.

"என்ன ஆன்ட்டி, இனிமே யாரும் வாங்க மாட்டாங்க லா."

"தெரியும் தம்பி. அதுக்குத்தான் வச்சேன்" என்றாள் என் மனைவி.

முருகன் படத்தடியில் அவை இன்னும் இருக்கின்றன. இதை யாரிடமாவது சொன்னால், பிழை இருந்தாலும் திருத்தாமல் சொல்லுங்கள். பிழையானதைத்தான் அவன் பத்திரமாக வைத்திருந்தான்.