பத்துக்குப் பத்து

தேக்காவில் பூக்கடைகளுக்கு மேல்மாடியில் இருந்தது அந்த மனநல ஆலோசனை நிலையம். உள்ளே போனதும் அக்காவின் கையில் ஒரு டேப்லட்டைக் கொடுப்பார்கள். போன வாரம் எப்படி இருந்தது என்று பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓடும் கோட்டில் விரலால் தள்ளிக் காட்ட வேண்டும். ஆலோசகரான இளம்பெண்ணிடம் பேசி முடித்ததும் இன்னொரு கோடு: இன்றைய பேச்சு உதவியதா? அக்கா இரண்டையும் யோசிக்காமல் பத்துக்குத் தள்ளிவிடுவாள். நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அத்தான் இறந்ததிலிருந்து ஆங் மோ கியோ பேட்டையிலுள்ள வீட்டில் அவள் ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. நான் கொண்டுபோகும் சாப்பாடு மறுநாளும் அப்படியே இருக்கும். “நானும் அவரோடயே போயிருக்கலாம்டீ” என்று ஒருமுறை சொன்னாள். அன்றிலிருந்து என் தொலைபேசி அடித்தாலே எனக்குப் பயம். இவள்தான் பத்துக்குப் பத்து போடுகிறாள்!

ரயிலில் வரும்போது ஏன் என்று கேட்டேவிட்டேன். “பாவம் லா, சின்னப் பொண்ணு. மார்க்கைக் குறைச்சா அவளோட பாஸ் அவளைத்தானே கேப்பாங்க?” என்றாள். யார் வீட்டில் கழுநீர் மாதிரி காப்பி கொடுத்தாலும் பிரமாதம் என்று குடித்துவிட்டு வருகிற குடும்பம் எங்களுடையது. அதைச் சிகிச்சைக்கும் கொண்டுபோய்விட்டாள்.

அடுத்த வாரம் அவள் எதிரிலேயே ஆலோசகரிடம் போட்டு உடைத்தேன். அக்கா முறைத்தாள். அந்தப் பெண் கோபப்படவில்லை. “அக்கா, இது எனக்குப் போடற மார்க் இல்ல. நீங்க குறைச்சாத்தான் நான் செய்யறது சரியா வரலன்னு தெரியும், மாத்திப் பார்ப்பேன். பத்துன்னா, நீங்க தேறிட்டீங்கன்னு நெனச்சுடுவேன்” என்றார். அக்கா இரண்டு கோட்டையும் ஒன்றுக்கு இழுத்தாள்.

“இனிமே என்ன செய்யப்போறீங்கன்னே கேக்கறீங்க. அவரைப் பத்தி யாருமே கேக்கறதில்ல” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் அழுவாளே என்று நானும் அத்தான் பேச்சையே எடுத்ததில்லை. அதற்குப் பிறகு அவர்கள் அத்தானைப் பற்றித்தான் பேசினார்கள். வாரம் எப்படி இருந்தது என்ற கோடு மெல்ல மூன்றுவரை ஏறியது. ஏறிவிடும் என்று நான் நம்ப ஆரம்பித்தேன்.

நேற்று அது மறுபடி இறங்கியது. ஆலோசகர் தன் மூத்த ஆலோசகரையும் அழைத்துப் பேசினார். இனி வாரம் இருமுறை வரச் சொன்னார். திரும்பும்போது ரயிலில் கேட்டேன், “எவ்வளவுக்கா போட்டே?”

“ஒண்ணு. உண்மையைத்தானே போடச் சொன்னே?”

ஆமாம், நான்தான் சொன்னேன். ஆனாலும், பத்து என்று எனக்காக ஒரு பொய் சொல்லமாட்டாளா என்று மனம் கிடந்து தவித்தது.